மருமகன் கடலுக்கடியில்

இங்கே ஆள் இருக்கிறதாம்மா? இல்லையே? அப்பாடா. ஒரு தமிழ்க்குரல் காதில் விழுந்ததும்தான் எனக்கு உயிர் வந்தது. நீ என்று கூப்பிடுகிறேன், தப்பாக நினைக்காதே, உனக்கு என் மகள் வயதுதான் இருக்கும். பையைத் தள்ளி வைக்க வேண்டாம், மடியிலேயே இருக்கட்டும். அதை ஏன் இப்படிக் கட்டிப் பிடித்துக்கொண்டிருக்கிறாய்? விசாகப்பட்டினத்து ஆஸ்பத்திரியில் திருட்டுப் பயமா? நானும்தான் என் பையைக் கையிலிருந்து விடவில்லை. ஆனால் என் காரணம் வேறு.

அந்தக் கடைசி ஜன்னல் பக்கம் ஒரு பச்சைச் சேலை நிற்கிறது பார். ஐயோ, திரும்பாதே! பார்த்தது தெரியக் கூடாது. அவள்தான் என் சம்பந்தி. கோமதி. சங்கரன்கோவில்காரி. கொஞ்சம் முன்னால் நீ அவளோடு பேசிக்கொண்டிருந்ததை நான் பார்த்தேன். என்ன சொன்னாள்? என்னைப் பற்றி ஏதாவது? சும்மா சிரித்தால் என்ன அர்த்தம்? சரி, சொல்ல வேண்டாம். நான் யாரையும் துருவித் துருவிக் கேட்கிற ஜாதி கிடையாது. ரொம்ப நேரம் பேசினாளா?

உள்ளே இருப்பது என் மகள் உமா. தலைப்பிரசவம். காலையில் கூட்டிக்கொண்டு போனார்கள், இன்னும் ஒரு தகவலும் இல்லை. உன் அண்ணியும் உள்ளேதானா? இரண்டாவது பிள்ளையா? அப்போ சுலபமாக முடிந்துவிடும். முதல் பிள்ளைதான் எல்லோரையும் பாடாய்ப் படுத்தும்.

மருமகன் எங்கே என்று நீ கேட்பாய். எல்லோரும் கேட்கிறார்கள். கடலுக்கடியில் இருக்கிறார். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. நேவியில் வேலை. நீர்மூழ்கிக் கப்பல். அதுவும் அணுசக்தியில் ஓடுகிற கப்பல். போய் எவ்வளவோ நாளாகிவிட்டது. எந்தக் கடலில் இருக்கிறார் என்று எனக்குத் தெரியாது, உமாவுக்குத் தெரியாது. அந்தக் கப்பலுக்குள் இருக்கிறவர்களிலேயே பல பேருக்குத் தெரியாதாம். இது என்ன உத்தியோகம், நீயே சொல். எங்கள் கோவில்பட்டியில் லாரி ஓட்டுகிறவன்கூட, எந்த டோல்கேட்டில் நிற்கிறேன் என்று பெண்டாட்டிக்குப் போன் பண்ணுகிறான்.

அந்தக் கப்பலில் ஜன்னல் கிடையாதாம். வெயில் கிடையாது, காற்று கிடையாது. அவர்களே காற்றைத் தயார் பண்ணி அவர்களே மூச்சு விடுகிறார்கள். எனக்கு ராத்திரியெல்லாம் இதே யோசனைதான். ஒரு தடவை அவர் கிளம்பும்போது மோர்மிளகாய் வற்றல் ஒரு டப்பா நிறையக் கொடுத்தேன். வாய்க்கு ருசியில்லாமல் எப்படி இருப்பார் பாவம். அவர் டப்பாவைத் திறந்து மோந்து பார்த்துவிட்டு, "அத்தை, இதை உள்ள வச்சு ஒரு தடவ பொரிச்சா போதும். நாங்களே மேல வந்து சரணடைஞ்சிருவோம்" என்றார். டப்பா இன்னும் உமா வீட்டில்தான் இருக்கிறது.

தங்கமான மனுஷர். வேல்ராஜன் என்று பேர். தலைதீபாவளிக்கு வந்திருந்தபோது, எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு உட்கார்ந்திருந்தார். நான் ஒரு மரியாதைக்காக, "இதுவரைக்கும் எத்தனை கப்பல முக்கியிருப்பீங்க மாப்பிள்ளை?" என்று கேட்டேன்.

"ஒண்ணுகூட இல்ல அத்தை."

"பரவாயில்ல. சின்ன வயசுதான், இன்னும் நாள் கிடக்கு" என்று ஆறுதல் சொன்னேன்.

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். அப்புறம் பொறுமையாக எனக்கு விளக்கினார். "எங்க வேலை சுடுறது இல்ல அத்தை. சுடாம இருக்கிறது. கரையில இருக்கிறதையெல்லாம் ஒருத்தன் ஒரே அடியா அடிச்சு நொறுக்கிட்டாலும், கடலுக்கடியில ஒருத்தன் மிச்சம் இருக்கான், அவன் திருப்பி அடிப்பான்னு எதிரிக்குத் தெரியணும். தெரிஞ்சா முதல் அடியே விழாது. ஆனா அந்த ஒருத்தன் எங்க இருக்கான்னு மட்டும் தெரியக் கூடாது. அதுதான் எங்க பலம்."

"அவனும் அதே மாதிரி ஒரு கப்பல் வச்சிருந்தா?"

"வச்சிருக்கான். அதனாலதான் நாங்களும் சும்மா இருக்கோம்."

எனக்குப் புல்லரித்துவிட்டது. ஆளுக்கு ஆள் பயந்துகொண்டே மரியாதையாக இருப்பது. எவ்வளவு பெரிய விஷயம், பார். நான் ஆறாம் வகுப்போடு நின்றவள், என் மண்டைக்கே அது பளிச்சென்று ஏறிவிட்டது. கோமதியும் அன்றைக்கு அங்கேதான் இருந்தாள், மகனைப் பார்க்கிற சாக்கில் வந்து அதிரசத்தில் குறை சொல்லிக்கொண்டிருந்தாள். பத்தாம் வகுப்பு வரைக்கும் படித்தவள் என்று பேர். அவளுக்கு இதெல்லாம் எங்கே புரிந்திருக்கப் போகிறது?

நீ எதற்குச் சிரிக்கிறாய்? சரி, கேள்.

எங்கள் பக்கம் சேனை வைக்கிற வழக்கம் உண்டு. உங்கள் பக்கமும் இருக்கும். பிள்ளை பிறந்ததும் நாக்கில் ஒரு துளி இனிப்பு தொட்டு வைப்பது. யார் கை வைக்கிறதோ அவர்கள் குணம்தான் பிள்ளைக்கு வரும். இதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. உமாவுக்கு வைத்தது என் மாமியார். அதனால்தான் அவளுக்கு இந்தப் பிடிவாதம். மருமகனுக்கு வைத்தது யார் தெரியுமா? கோமதியின் தம்பி. வீடு தங்காத ஆள். அவர் சேனை வைத்த பிள்ளை கடலுக்கடியில் இருக்காமல் வேறு எங்கே இருக்கும்?

தலைப்பிரசவம் என்றால் தாய்வீட்டில்தான் நடக்க வேண்டும். அது என் உரிமை. கோவில்பட்டியில் நடந்திருந்தால் இந்தப் பேச்சே கிடையாது, நானே சேனை வைத்திருப்பேன். ஆனால் உமா பிடிவாதமாக, "எனக்குப் பாக்கிற டாக்டர் விசாகப்பட்டினத்துல இருக்காங்க, அங்கதான்" என்றுவிட்டாள். என் ஊரும் இல்லை, அவள் மாமியார் ஊரும் இல்லை. நடுக்கடல் மாதிரி, யாருக்கும் சொந்தமில்லாத ஊர்.

அதைப் பிடித்துக்கொண்டாள் கோமதி. வளைகாப்பு அவள் வீட்டில் நடந்தது. அத்தனை பெண்களுக்கு நடுவில், உமா கையில் வளையலை மாட்டிக்கொண்டே, "ஊரு எதுவா இருந்தா என்ன, என் பேரப்பிள்ளைக்குச் சேனை வைக்கது இந்தக் கைதான்" என்று கையைத் தூக்கிக் காட்டினாள். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

எனக்கு எப்படி இருந்திருக்கும், நினைத்துப் பார். அந்தப் பிள்ளை இங்கே வளரப் போகிறது. தெலுங்கு பேசும், இந்தி பேசும், நான் வருஷத்துக்கு ஒருமுறை ரயிலேறி வந்தால் யாரோ மாதிரி பார்க்கும். அதனிடம் என்னுடையது என்று ஒன்றாவது இருக்க வேண்டாமா? கோபம் வருகிறபோது ஒரு முறைப்பு, கூட்டத்தில் ஒரு கூச்சம், ஏதாவது ஒன்று. அதைப் பார்த்து யாராவது, "இது செண்பகத்தாச்சி குணம்" என்று சொல்ல வேண்டாமா? எனக்கு அது போதும். அதற்காகத்தான் இவ்வளவும்.

சபையில் நான் சிரித்துக்கொண்டே உமா கன்னத்தில் சந்தனம் பூசினேன். மருமகன் சொல்லிக்கொடுத்ததை நினைத்துக்கொண்டேன். பந்தி முடிந்ததும் அடுப்படியில் கோமதியைத் தனியாகப் பிடித்தேன். குரலைத் தாழ்த்தி, "மதினி, பயப்படாதீங்க. அந்த ராஜபாளையம் விஷயம் என் வாயிலயிருந்து வராது" என்றேன்.

கோமதியின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! கையில் இருந்த கரண்டி பாயசத்துக்குள் விழுந்துவிட்டது.

ராஜபாளையத்தில் என்ன விஷயமா? எனக்கு எப்படித் தெரியும்? அந்த ஊரில் ஒரே ஒரு தடவை பஸ் மாறியிருக்கிறேன். வேறு ஒன்றும் தெரியாது. வாயில் வந்த ஊர் அது. ஆனால் ஏதோ இருக்கிறது, பார்த்துக்கொள். இல்லாவிட்டால் கரண்டி ஏன் விழ வேண்டும்? இந்த உலகத்தில் யாருக்குத்தான் ஒரு ஊரில் ஒரு விஷயம் இல்லாமல் இருக்கும்?

அன்றிலிருந்து கோமதி வேறு ஆள். நாங்கள் இரண்டு பேரும் உமாவைப் பார்த்துக்கொள்ள இங்கே வந்து குவார்ட்டர்ஸில் தங்கினோம். ஒரே அடுப்படி. என்ன மரியாதை, என்ன உபசாரம்! "மதினி, நீங்க உக்காருங்க, நான் அரைக்கேன்." "மதினி, நடுத்துண்டு மீனு உங்களுக்கு." காபியில் எனக்கு மட்டும் சர்க்கரை சரியாக இருந்தது. நான் மனசுக்குள் மருமகனைக் கும்பிட்டேன். ஒரு குண்டு போடாமல் ஒரு எதிரியை மீன் பொரிக்க வைத்துவிட்டேனே.

ஒரு நாள் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தோம். கோமதி ஒரு சேலையை உதறிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல், "உங்க சாத்தூர் சமாச்சாரமும் என்னோட இருக்கும் மதினி. செத்தாலும் வெளிய வராது" என்றாள்.

என் கையில் இருந்த கிளிப் எல்லாம் கீழே கொட்டிவிட்டது.

சாத்தூரில் எனக்கு என்ன சமாச்சாரம்? ஒன்றும் கிடையாது. சத்தியமாகக் கிடையாது. ஆனால் அன்றைக்கு ராத்திரி நான் தூங்கவில்லை. என் சித்தி மகள் அங்கேதான் வாழ்க்கைப்பட்டாள், அவள் ஏதாவது உளறியிருப்பாளோ? என் கல்யாணத்துக்கு முன்னால் சாத்தூரிலிருந்து ஒருவர் என்னைப் பெண் பார்க்க வந்து பஜ்ஜி மட்டும் தின்றுவிட்டுப் போனாரே, அதுவோ? அப்புறம் பகீரென்று ஒன்று தோன்றியது. என் வீட்டுக்காரர் வாராவாரம் சாத்தூருக்குப் போகிறார். கேட்டால் சேவு வாங்கப் போகிறேன் என்கிறார். கோவில்பட்டியில் இல்லாத சேவா?

விடிந்ததும் போன் போட்டேன். "சாத்தூர்ல என்ன நடக்குது? எனக்கு எல்லாம் தெரியும்" என்றேன். அந்தப் பக்கம் இரண்டு தடவை இருமினார். அப்புறம், "மில்லுல இரைச்சலா இருக்கு, அப்புறம் பேசுதேன்" என்று வைத்துவிட்டார். அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. எங்கள் மாவு மில்லுக்கு லீவு.

அதிலிருந்து நானும் கோமதிக்கு நடுத்துண்டு மீன் வைக்க ஆரம்பித்தேன். வேறு வழி? அவளிடம் நிஜமான விஷயம் இருக்கிறது. என்னிடம் வெறும் ஊர்ப்பேர்தான் இருக்கிறது. ஆனால் அது அவளுக்குத் தெரியாதே. சேனைப் பேச்சை அவளும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. "நீங்களே வைங்க மதினி" என்று நான் சொன்னால், "சேச்சே, நீங்க மூத்தவங்க" என்பாள். இரண்டு பேரும் பொய்தான் சொல்கிறோம் என்று இரண்டு பேருக்கும் தெரியும். என்னிடம் ஒரு சின்ன பாட்டில் இருக்கிறது. டானிக் பாட்டிலைக் கொதிக்க வைத்துக் கழுவி, உடன்குடிக் கருப்பட்டியைக் காய்ச்சி வடிகட்டி ஊற்றி வைத்திருக்கிறேன். அவளும் ஒன்று வைத்திருக்கிறாள். தேன். எனக்குத் தெரியும். எங்கே என்றுதான் தெரியாது. என்னுடையதும் ஒரு இடத்தில் இருக்காது. ஒரு நாள் அரிசி டின், ஒரு நாள் பூஜை அலமாரிக்குப் பின்னால், ஒரு நாள் அந்த மோர்மிளகாய் டப்பா. இன்றைக்கு இந்தப் பையில், பழைய துண்டுக்குள். கண்டுபிடிக்க முடியாமல் இருப்பதுதானே பலம்?

இரு, இரு. கதவு திறக்கிறது. உமா பேரைச் சொன்னார்களா? ஐயோ, கோமதி ஓடுகிறாள் பார். அந்தக் கால்வலி எங்கே போயிற்று? நகரும்மா, நகரு.

...

நீ இன்னும் இங்கேயேதான் இருக்கிறாயா? அண்ணிக்கு இன்னும் ஆகவில்லையா? ஆகிவிடும், ஆகிவிடும். எங்களுக்குப் பெண். நல்ல எடை, நல்ல நிறம், தொண்டை என்ன தொண்டை! உமா நன்றாக இருக்கிறாள். கப்பலுக்குச் செய்தி அனுப்ப ஆபீஸில் சொல்லியாயிற்று. செய்தி போய்ச் சேரும், பதில்தான் வராதாம். பதில் பேசினால் எங்கே இருக்கிறார்கள் என்று தெரிந்துவிடுமே. மகள் பிறந்தாள் என்று கேட்டுவிட்டு, கடலுக்கடியில் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும் அந்த மனுஷர். எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. கோமதிக்கும் வந்தது. பாவம், பெற்றவள்தானே.

உட்கார், சொல்கிறேன். உள்ளே என்ன நடந்தது என்று யாரிடமாவது சொல்லாவிட்டால் என் நெஞ்சு வெடித்துவிடும்.

வார்டுக்கு மாற்றினதும் எங்களை உள்ளே விட்டார்கள். உமா பிள்ளைக்குப் பால் கொடுத்து முடித்து மார்போடு அணைத்து வைத்திருந்தாள். கோமதி ஒரு பக்கம் போய் நின்றாள், நான் இன்னொரு பக்கம். அவள் கை அவள் பைக்குள் போனது. என் கை என் பைக்குள் போனது. நான் அவளைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்த்தாள். இரண்டு கையும் அப்படியே நின்றுவிட்டன. "ராஜபாளையம்" என்று நான் மனசுக்குள் சொன்னது அவளுக்குக் கேட்டிருக்கும். "சாத்தூர்" என்று அவள் சொன்னது எனக்கு நன்றாகவே கேட்டது.

உமா ஒன்றும் தெரியாதவள் மாதிரிப் படுத்திருந்தாள். அப்புறம் சொல்கிறாள், "ரெண்டு பேரும் பாட்டிலை எடுத்து அந்த மேசை மேல வைங்க."

"என்ன பாட்டில்?" என்றேன் நான்.

"எந்தப் பாட்டில்?" என்றாள் கோமதி.

"அரிசி டின்னுக்குள்ள ஒண்ணு. என் துணி அலமாரியில ஒண்ணு. தினம் இடம் மாறுச்சு. வயித்தைத் தூக்கிக்கிட்டுப் பின்னாலயே வந்து பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். பிள்ளை வாயில தேன், கருப்பட்டி, எதையும் வைக்கக் கூடாதுன்னு டாக்டர் எத்தனை தடவ சொல்லியிருக்காங்க?" என்று மூச்சு வாங்கச் சொன்னாள். "சரி, அது கிடக்கட்டும். நீங்க குசுகுசுன்னு பேசினதெல்லாம் என் காதுலயும் விழுந்துச்சு. ராஜபாளையத்துல என்ன? சாத்தூர்ல என்ன? ரெண்டையும் இப்பவே இங்க சொல்லுங்க. சொல்லுறவங்க கையில முதல்ல பிள்ளையைத் தாரேன்."

பார்த்தாயா, என் மாமியார் குணத்தை!

பிள்ளை எனக்கு எட்டுகிற தூரத்தில் இருக்கிறது. ஆனால் நான் என்ன சொல்வேன்? ராஜபாளையத்தில் பஸ் மாறினேன் என்றா? கோமதியும் வாயைத் திறக்கவில்லை. எனக்கு அப்போதுதான் அவள்மேல் ஒரு மதிப்பு வந்தது. சாத்தூர் விஷயத்தை அவள் அங்கே போட்டு உடைத்திருக்கலாம். பிள்ளையை வாங்கியிருக்கலாம். செய்யவில்லை, என் மானத்தைக் காப்பாற்றினாள். நல்ல மனுஷிதான். நான்தான் தப்புக் கணக்குப் போட்டுவிட்டேன்.

இப்படி நாங்கள் இரண்டு பேரும் வாயை மூடி நிற்கிறோம், அந்த நேரம் பார்த்து ஒரு நர்சம்மா வந்தாள். உயரமாக, மூக்குத்தி போட்டு, கன்னத்தில் மச்சம். எங்கள் இரண்டு பேரையும் தெலுங்கில் ஒரு பிடி பிடித்தாள். என்ன சொன்னாள் என்று தெரியாது, ஆனால் நல்ல வார்த்தை இல்லை. வாசலில் நின்ற வாட்ச்மேனுக்கும் விழுந்தது. அப்புறம் உமாவிடமிருந்து பிள்ளையை வாங்கி, கன்னத்தை லேசாக அமுக்கி, வாயில் இரண்டு சொட்டு விட்டாள். போலியோ மருந்தாம்.

முடிந்தது! தாய்ப்பாலைத் தவிர அந்த நாக்கில் முதல் சொட்டு! யார் கையால்? ஊர் பேர் தெரியாத ஒருத்தி கையால்!

நானும் கோமதியும் ஒரே குரலில், "ஐயய்யோ" என்றோம். இத்தனை நாளில் நாங்கள் சேர்ந்து சொன்ன முதல் வார்த்தை அதுதான். பிள்ளை அந்தச் சொட்டை விழுங்கிவிட்டு, முகத்தைச் சுளித்து, எங்கள் இரண்டு பேரையும் ஒரு முறை முறைத்தது. அப்படியே அந்த நர்சம்மா முறைப்பு. உமா சிரித்த சிரிப்பில் தையல் பிரிந்துவிடுமோ என்று பயமாகிவிட்டது.

அப்புறம் அவளே பிள்ளையை முதலில் கோமதி கையில் கொடுத்தாள், பிறகு என் கையில். இல்லை, முதலில் என் கையில். ஏதோ ஒன்று. கையில் வந்ததும் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. என் விரலைப் பிடித்தது பார், விடவே இல்லை.

இப்போது நீ எனக்கு ஒரு உபகாரம் பண்ண வேண்டும். அந்த வாட்ச்மேனோடு நீ பேசினதைப் பார்த்தேன், உனக்குத் தெலுங்கு தெரியும். அந்த நர்சம்மா எந்த ஊர், எப்படிப்பட்ட குடும்பம், எப்போதுமே இப்படித்தானா, இல்லை இன்றைக்கு மட்டும் வீட்டில் ஏதாவது சண்டையா, கொஞ்சம் விசாரித்துச் சொல். நானும் கோமதியும் சேர்ந்துதான் கேட்கிறோம். இந்த விஷயத்தில் நாங்கள் ஒரே கட்சி. இத்தனைக்கும் யோசித்துப் பார்த்தால் நல்லதுதான். அந்தக் குணம் வந்துவிட்டால் என் பேத்தியிடம் எவனும் வாலாட்ட மாட்டான். அவளுக்கு ஒரு கப்பலும் தேவைப்படாது.

இன்னொரு சின்ன உபகாரம். இங்கே கிட்ட வா. நாளைக்கு உமா எங்கள் பையையெல்லாம் சோதனை போடுவேன் என்று சொல்லியிருக்கிறாள். இந்தப் பாட்டிலை மட்டும் உன் பையில் வைத்துக்கொள். இல்லை, இல்லை, பிள்ளைக்கு வைக்கப் போவதில்லை. டாக்டர் வேண்டாம் என்றால் வேண்டாம்தான், நான் என்ன விவரம் கெட்டவளா? சும்மா இருக்கட்டும். என்னிடம் இருக்கிறது என்று கோமதிக்குத் தெரிந்தால் போதும். கொட்டிவிடலாமே என்கிறாயா? கொட்டலாம். தாராளமாகக் கொட்டலாம். முதலில் அவள் கொட்டட்டும்.

பையைத் திற. பயப்படாதே, மூடி இறுக்கம், சிந்தாது. உன்னிடம் இருக்கும் என்று யாருக்கும் தோன்றவே தோன்றாது. இதோ, இந்த ஓரமாக...

இது என்ன?

பச்சைத் துணியில் சுற்றி... இது கோமதியின் சேலையோடு வந்த ரவிக்கைத் துணி அல்லவா? உள்ளே... தேன்.

எப்போது கொடுத்தாள்? நான் வந்து உட்காருவதற்கு முன்னாலேயா? வார்டில் அவள் கையை விட்டது வெறும் பைக்குள்ளா? அப்போ நான் இவ்வளவு நேரம் வாய் வலிக்கச் சொன்னதையெல்லாம், அவளுடைய பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டா கேட்டாய்?

சரி. போகட்டும். இரண்டையும் சேர்த்தே வைத்துக்கொள், ஒன்றோடொன்று இடித்துக்கொள்ளாமல். ஆனால் ஒரே ஒரு விஷயம். என்னுடையதும் உன்னிடம்தான் இருக்கிறது என்று மட்டும் அவளிடம் சொல்லிவிடாதே. எங்கே இருக்கிறதோ என்று பயந்துகொண்டே இருக்கட்டும்.

இதில் சிரிக்க என்ன இருக்கிறது?

அவளும் இதையேதான் சொன்னாளா?